காற்று சுத்தமாக இருக்கும்போது

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினொரு சென்சார்களுக்குத் தங்கக் கம்பி ஒட்டினேன். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பருமன். நுண்ணோக்கியின் மேல் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்ட வேண்டும். ஒன்பதாவதில் கழுத்து பிடித்துக்கொண்டது. வழக்கம்தான். தைலத்தை எடுத்துப் பின்கழுத்தில் தேய்த்துக்கொண்டு மிச்சம் இரண்டையும் முடித்தேன்.

துறைத்தலைவர் யாரோ விருந்தினர்களை அழைத்துக்கொண்டு கீழே வந்தார். எங்கள் ஆய்வகம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. வெளிக்காற்று கலந்துவிடக் கூடாதென்று அப்படிக் கட்டியது. வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்கு நானே கட்டிக்கொண்ட அறை, அதில் இருபத்திரண்டு வருஷம்.

"இவர்தான் எங்க டெக்னிகல் ஆபீசர். இவர் கை பட்டாத்தான் எங்க சென்சார் வாயைத் திறக்கும்" என்று என்னைக் காட்டினார். விருந்தினர்கள் சிரித்தார்கள். கல்யாணச் சமையற்காரரைப் பாராட்டுவது போலத்தான் அவர் என்னைப் பாராட்டுவார். அவர்— இந்த 'அவர்' எல்லாம் எதற்கு? இது என் நோட்டு. அவன். விடுதியில் நான்கு வருஷம் ஒரே அறையில் என்னோடு கிடந்தவன். முதல் நேர்முகத் தேர்வுக்கு என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன். அந்தச் சட்டை இன்னும் திரும்பி வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

என் மனுவை ஏற்று விசாரணைக் குழு அமைத்துவிட்டார்கள். பதிவாளர் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன்.

நிதானமாக எழுதி வைக்கிறேன், குழுவின் முன் உளறாமல் இருக்க. பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு கட்டுரை வெளிவந்தது. குளிர்கிடங்கில் இருக்கும் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்குவதை மூன்று நாள் முன்னதாகவே மோப்பம் பிடிக்கும் சென்சார். அந்தக் கட்டுரைதான் அவனைப் பேராசிரியராக்கியது, துறைத்தலைவராக்கியது, வெளிநாட்டு மேடைகளில் ஏற்றியது. சென்சார் செய்தது நான். சோதனை முறையை வகுத்தது நான். கட்டுரையில் நான் எங்கே இருக்கிறேன்? கடைசி வரியில்: 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி.' பன்மையில். பெயர்கூட இல்லை.

ஆதாரம் என் பழைய ஆய்வு நோட்டு. தேதியோடு, என் கையெழுத்தில் இருக்கிறது: 'வெற்றுப் பெட்டியும் நல்ல கிழங்கும் காலையில், அறையில் காற்று சுத்தமாக இருக்கும்போதே சோதித்து முடிக்கப்பட வேண்டும், அழுகும் கிழங்கு பதினொரு மணிக்குப் பிறகே.' நியாயமான முறை. அழுகலின் நாற்றம் முதலில் பெட்டிக்குள் ஏறிவிட்டால் பிறகு எதையும் நம்ப முடியாது. அந்த வாக்கியம் ஒரு கமா மாறாமல் அவன் கட்டுரையில் இருக்கிறது. திருடுகிறவன் காற்புள்ளியையாவது விட்டுவைக்கக் கூடாதா?

வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பதினாலு வருஷம் கழிச்சு என்னத்துக்குங்க இதெல்லாம்?"

"பேர் வேணும்."

"பேரா? எனக்குந்தான் இந்த வீட்ல பேர் இல்ல. 'இந்தா', 'கேட்டியா', 'எங்க போயிட்ட'... இருபத்தஞ்சு வருஷமா இதுதான் என் பேரு. நான் எந்தக் குழுகிட்ட மனு போட?" ஒரு சட்டையை உதறினாள். "மாசம் ரெண்டு டப்பா தைலம் வாங்கித் தர்றவ நான். கட்டுரையில என் பேரையும் போடச் சொல்லுங்க."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 12, புதன்

ஆய்வு மாணவிகளில் ஒருத்திக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருக்கிறேன். மூன்றாம் வருஷம். அவளுடைய வேலையே எங்கள் சென்சாரை இன்னும் நுட்பமாக்குவது. ஆனால் முதலில் பழையது வேலை செய்ய வேண்டுமே. நான் உட்கார்ந்தால் திரையில் கோடு அழகாக ஒரு மேடாக எழும்பும். அவள் உட்கார்ந்தால் படுத்துவிடும்.

இன்று அவன் கீழே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான்: "உனக்குக் கை சரியில்லம்மா. மே மாசத்துக்குள்ள வரலேன்னா வேற வழி பாத்துக்கோ. எனக்கு நேரம் இல்ல."

அவன் போன பிறகு நானும் ஒரு வார்த்தை சேர்த்தேன். "கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கும்மா."

"பக்குவம் சமையலுக்கு, சார். இது அளவு எடுக்கற வேலை. யார் எடுத்தாலும் ஒண்ணாத்தானே வரணும்?"

வாய். ஆனாலும் அந்த நிமிஷம் எனக்குள் ஒரு சுகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். என் கையில்தான் வரும். அவனால் என்னை அனுப்ப முடியாததற்கும் அதுதான் காரணம், நான் வேறு எங்கும் போக முடியாததற்கும் அதுதான் காரணம். போன இடத்தில் இந்த அறை இருக்காதே.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணை ஏப்ரல் 10. வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

காலையில் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. மனைவி விடாமல் எலும்பு மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா குனிஞ்சே இருக்கீங்க?" என்றார். நல்ல கேள்வி. கழுத்துப் பட்டை மாட்டிவிட்டார், மாத்திரை எழுதினார். "தைலத்தைப் போட்டுத் தேய்க்கற வேலை இனி வேண்டாம். தேய்க்கத் தேய்க்க வீக்கம்தான் ஏறும்."

பட்டையோடு கண்ணாடியில் பார்த்தேன். தொழுவத்து மாடு.

மார்ச் 26, புதன்

மேடு வரவில்லை. நேற்றும் வரவில்லை. அழுகும் கிழங்கு, கையில் எடுத்தாலே கசிகிறது, நாற்றம் குடலைப் புரட்டுகிறது. சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

சூடேற்றியை மாற்றினேன். குழாய்களைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். பம்பைப் பிரித்துப் பார்த்தேன். கம்பி ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், பட்டை இடிக்க இடிக்க. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றும் வரவில்லை.

செய்தி மேலே எட்டிவிட்டது. அவனே இறங்கி வந்தான். ஆய்வகத்தில் அப்போது யாரும் இல்லை.

"என்னடா ஆச்சு?"

எத்தனை மாதம் கழித்து இந்த 'டா'. ஆட்கள் இருந்தால் 'நீங்க', காரியம் ஆக வேண்டுமென்றால் 'டா'. நான் அப்படி இல்லை. அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் தனியாக இருந்தாலும் 'சார்' என்றுதான் சொல்கிறேன். அது மரியாதை இல்லையென்று அவனுக்கும் தெரியும்.

"பாத்துட்டிருக்கேன், சார்."

"விசாரணை வர்ற நேரத்துல நீ வேணும்னே—"

முடிக்கவில்லை. முடித்திருந்தால் கையிலிருந்த ஸ்பேனரால்— என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க மாட்டேன். கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன். பத்திரமாக.

மார்ச் 29, சனி

தைலம்.

மார்ச் 31, திங்கள்

சனிக்கிழமை எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை மனைவிக்குத் தலைவலி. அலமாரியிலிருந்து என் டப்பாவைத் திறந்து நெற்றியில் தடவிக்கொண்டாள். நான் மேசையில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக்குப் பிறகு என்னவெல்லாம் மாறியது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மின்சாரம் மாறவில்லை. வாயு உருளை மாறவில்லை. கிழங்கு அதே கடை. அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. நாலு வரிக்குப் பிறகு பேனா நின்றுவிட்டது.

மாறியது நான்.

இன்று எல்லோருக்கும் முன்னதாகப் போனேன். பெட்டியில் கிழங்கு வைக்கவில்லை. ஒரு துண்டுப் பஞ்சில் கடுகளவு தைலம் தொட்டு உள்ளே வைத்து மூடினேன். நாற்பது விநாடி. கோடு எழுந்தது. அந்த மேடு எனக்குத் தெரியும். வலப்பக்கம் கொஞ்சம் சரிந்து, நுனியில் சின்ன வளைவோடு. கட்டுரையில் மூன்றாவது படம். பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்ட படம்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை குனிந்து கம்பி ஒட்டுவேன். பதினொன்றுக்குக் கழுத்து வலிக்கும். தைலம் பூசுவேன். பிறகு அழுகும் கிழங்கை எடுத்து, கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் வைப்பேன். காலையில் வைத்த நல்ல கிழங்குக்குக் கோடு எழும்பாது. நான் அப்போது தைலம் பூசியிருக்க மாட்டேன். பதினொன்றுக்கு மேல் வைத்த கிழங்குக்கு எழும்பும். அழுகியிருந்தாலும் எழும்பும், தங்கமாக இருந்தாலும் எழும்பியிருக்கும். வரிசையை ஒரு நாள், ஒரே ஒரு நாள், மாற்றிப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். மாற்றக் கூடாதென்று எழுதி வைத்தவன் யார்?

பதினான்கு வருஷம். ஆய்வகத்துக்குள் நுழைகிற எல்லோருக்கும் அந்த வாசனை தெரியும். 'தைல சார்' என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எனக்குத் தெரியும். மோப்பம் பிடிக்கிற கருவி செய்கிற இடத்தில், மூக்கு வைத்திருந்த ஒருத்தருக்கும் அதை நோட்டில் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கேள்விக்குறி இன்று என் மேசையருகே வந்து நின்றாள்.

"சார், நீங்க பட்டை போட்ட நாள்லேர்ந்து உங்களுக்கும் வரல. கவனிச்சீங்களா?"

"வோல்டேஜ் சரியில்லம்மா."

"ஒரு வருஷமா எழுதிட்டு வர்றேன், சார். யார் உள்ள இருந்தாங்க, கதவு எத்தனை தடவை திறந்துச்சு, ஏசி எவ்வளவுல இருந்துச்சு. நீங்க பெட்டிகிட்ட இருந்தா வருது, இல்லேன்னா வரல. முதல்ல நான் நினைச்சேன், நீங்கதான் ஏதோ மறைக்கறீங்கன்னு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "இன்னொண்ணு, சார். வெளியிலேர்ந்து மூணு ஆய்வகத்துக்காரங்க எழுதியிருக்காங்க, அவங்களுக்கும் வரலேன்னு. பதில் தயார் பண்ணச் சொல்லி டிசம்பர்லயே துறைத்தலைவர் சார் என்கிட்ட கொடுத்தாரு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு."

"வோல்டேஜ்தாம்மா" என்றேன் மறுபடியும். எந்த வோல்டேஜ்? என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 3, வியாழன்

மேலே அவன் அறைக்குக் கூப்பிட்டான். ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தான். தேநீர். சர்க்கரை இல்லாமல், நினைவு வைத்திருக்கிறான்.

"யோசிச்சேன்டா. மனுவை நான் எதுக்கப் போறதில்ல. உன் பேர் அப்பவே இருந்திருக்கணும். அதுவும் முதல்ல. சோதனை எல்லாம் நீதானே செஞ்ச."

பதினான்கு வருஷமாக நான் மனதுக்குள் அவனைப் பேச வைத்த வசனம். குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, இதே வார்த்தைகளை அவன் வாயில் எத்தனை தடவை வைத்திருப்பேன். கண் கலங்கிவிட்டது. பட்டை இருந்ததால் தலையைக் குனிய முடியவில்லை, எங்கோ பார்த்தேன்.

"சோதனை எல்லாம் நீதானே" என்றான் மறுபடியும். கதவு வரைக்கும் வந்து, தோளில் கை வைத்து, மூன்றாவது தடவை. "குழுவுலயும் அதைத்தான் சொல்லப்போறேன். எல்லாச் சோதனையும் அவர்தான்னு."

படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது. மூன்று கடிதம். டிசம்பரிலிருந்தே அவனுக்குத் தெரியும், எங்கோ பொத்தல் இருக்கிறதென்று. கப்பல் மூழ்கப்போகிறது, கேப்டன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைக்கிறான். நான் கண் கலங்கி நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மனுவைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரி. கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கட்டுரையில் என் பெயர் எங்கும் இல்லை. விழுந்தால் அவன் தலையில் விழும், அவன் ஒருவன் தலையில் மட்டும். என்னைத் திருடியவன் என் தப்பையும் சேர்த்துத் திருடியிருக்கிறான், வைத்துக்கொள்ளட்டும். இதைவிட ருசியான பழி உண்டா? நாள் முழுக்க நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது கேள்விக்குறி பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். கை விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைகளை. முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி.

மே மாதத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணு கைய என்னன்னு நினைச்சுக்கிட்டிருக்கும் பாவம்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதது எனக்குக் கோபம்.

ஏப்ரல் 10, வியாழன்

வெள்ளைச் சட்டை. ஒரு பையில் கடிதம், இன்னொரு பையில் டப்பா. எதை எடுப்பேனென்று அறைக்குள் போகும் வரை எனக்கே தெரியாது. நிஜமாகவே தெரியாது.

குழுத் தலைவி வேறு துறையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியை, கறார். என் நோட்டையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த வாக்கியத்தை இரண்டிலிருந்தும் உரக்கப் படித்தார். 'காற்று சுத்தமாக இருக்கும்போதே.' அவருடைய குரலில் அது கல்வெட்டு மாதிரி இருந்தது.

"இது யார் எழுதினது?"

"அவர்தான், மேடம்" என்றான் அவன். "சோதனை எல்லாம் அவர்தான்."

"அப்போ எல்லாம் தெளிவா இருக்கு." என்னைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அந்த வரி என்னோடதுதான், மேடம். அந்த வரிதான் தப்பு."

சொன்னேன். பதினொரு மணி, கழுத்து, பஞ்சு, மூன்றாவது படம், எல்லாம். மாணவியின் கையில் எந்தக் குறையும் இல்லை, அவளுடைய நோட்டைப் பாருங்கள் என்றும் சொன்னேன். மூன்று கடிதங்களையும் சொன்னேன். அதை விட்டுவிட நான் என்ன புத்தனா? அவன் முகம் வெளுத்தது. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை, டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். விடுதி அறையிலும் இதே தைலம்தான். அவனுக்கும் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படீன்னா மனுவை வாபஸ் வாங்கறீங்க?"

"இல்ல, மேடம். பேர் வேணும்."

"இப்பவுமா?"

"இப்பத்தான்."

குழுவில் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

கேள்விக்குறி நன்றி சொல்வாளென்று நினைத்திருந்தேன். முட்டாள்.

"எப்பத் தெரியும், சார், உங்களுக்கு?"

"மார்ச் கடைசியில."

"ரெண்டாம் தேதி நான் வந்து கேட்டேன். வோல்டேஜ்னீங்க."

"ஆமா."

"ரெண்டு தடவை சொன்னீங்க." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனதில் வஞ்சம் வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். என்மேல் ஒருத்தர் வைத்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 16, திங்கள்

அறிவிப்பு வெளிவந்துவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். காரணம், சோதனை செய்தவர் பூசியிருந்த வலித் தைலத்தின் ஆவி. ஆறு வரி. கீழே இரண்டு பெயர். முதலில் என்னுடையது. அகர வரிசைப்படி அப்படி வருகிறது என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும்.

அவன் இப்போது துறைத்தலைவர் இல்லை. எனக்கு ஒரு கண்டனக் குறிப்பாணை. சம்பள உயர்வு இரண்டு வருஷத்துக்கு நிறுத்தம். கேள்விக்குறியின் வழிகாட்டி மாறிவிட்டார். ஆள் வாசனை ஒரு சென்சாரை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதுதான் இனி அவளுடைய ஆய்வு.

மனைவி அறிவிப்பை வாங்கி, கண்ணாடி மாட்டி, இரண்டு முறை படித்தாள்.

"தைலம் வந்துடுச்சு. வாங்கிக் கொடுத்தவ பேர் வரல."

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆய்வகக் கதவில் புது விதி ஒட்டியிருக்கிறது, கேள்விக்குறியின் கையெழுத்தில்: 'தைலம், வாசனைப் பொருள் பூசியவர்கள் ஒரு மணி நேரம் கழித்தே உள்ளே வரலாம்.' யாருக்காக எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். என்னோடு அவள் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். சோதனை வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறாள். ஒரு நாள் அழுகல் முதலில், ஒரு நாள் நல்லது முதலில். சரியான முறை.

மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் மறுபடியும் தைலத்துக்கே வந்துவிட்டேன். ஆக, பதினொரு மணிக்குப் பூசுகிறேன், விதிப்படி வெளியேறுகிறேன். கட்டடத்துக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்சு. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததில்லை. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அதன் பாதியில் வெயிலும் பாதியில் நிழலும் விழுகிறது. இப்போது அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பத்து நிமிஷத்துக்கு முன் அவன் வந்தான். கையில் கோப்பு இல்லை, கூட ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றான்.

"கழுத்து எப்படி இருக்கு உங்களுக்கு?" என்றான். சுற்றிலும் யாரும் இல்லை. காரியமும் ஒன்றும் இல்லை. ஆனாலும் 'உங்களுக்கு.'

நான் அவனை மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், பிற்பாடு எனக்கே சந்தேகம் வரக் கூடாது.

"அப்படியேதான்டா இருக்கு" என்றேன். நிழல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.